மூக்குக்கு வந்த துணை

நாம் ஒரு நாளில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர் ஆகும். இவ்வளவு காற்றையும் தூசு வடித்து, உடற்சூட்டுக்குக் கொண்டுவந்து, நீராவியால் நிறைத்து உள்ளே அனுப்பும் பொறுப்பை மூக்கும் தொண்டையும் ஏற்றிருக்கின்றன. நுரையீரலின் நுண்ணறைகளை அடையும்போது காற்று 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியும் கொண்டிருக்கும். ஒரு நாளைய காற்றுக்குக் கணக்கிட்டால் 440 கிராம், அதாவது அரை லிட்டருக்குச் சற்றே குறைந்த நீர்! வெளிக்காற்றில் முன்பே ஓரளவு ஈரம் உண்டு. வெளிவிடும் மூச்சிலிருந்து ஒரு பங்கை மூக்கு மீட்டுக்கொள்கிறது. மீதியை நம் உடல்தான் கொடுக்கிறது. நாம் அறியாமலே நாள்தோறும் நடக்கும் வேலை இது.

இந்த வேலையில் மூக்குக்குத் துணையாக ஒரு கருவி இன்று சில நாடுகளில் நோயாளிகளின் வீடுகளுக்கே வந்துவிட்டது. சிறு ஊதுவிசிறி ஒன்று அறைக்காற்றை இழுக்கிறது. சூடேறிய நீர்க்கலத்தின்மேல் அதைச் செலுத்துகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்த அக்காற்று, சூடாக்கப்பட்ட குழாய் வழியே, மூக்கில் பொருந்தும் இரு மென்முனைகளின் மூலம் நிமிடத்துக்கு 20, 30 லிட்டர் வேகத்தில் பாய்கிறது. வேண்டுமானால் அதில் பிராணவாயுவையும் கலந்துகொள்ளலாம். இதனை மிகுபாய்வுச் சிகிச்சை எனலாம். மருத்துவர்கள் ‘ஹை ஃப்ளோ’ என்கிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்று பரவியபோது நம் நாளிதழ்களிலும் இச்சொல் அடிபட்டது. அப்போது பலர் இதைப் பிராணவாயு கொடுக்கும் கருவி என்றே எண்ணினர். அந்த எண்ணம் பாதிதான் சரி. இக்கருவியின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், பிராணவாயுவைப் பற்றிய ஓர் ஆறும் தண்ணீரைப் பற்றிய ஓர் ஆறும் தனித்தனியே நெடுந்தொலைவு ஓடி, மிக அண்மையில்தான் ஒன்று கலந்தன என்பது விளங்கும்.

நோய் எது?

நாட்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய் என்பது இக்கதையின் களம். மருத்துவமனைகளில் ‘சி.ஓ.பி.டி.’ என்று எழுதுவார்கள். மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன. சளி மிகுதியாகச் சுரக்கிறது. நுண்ணறைகளின் மெல்லிய சுவர்கள் சிதைந்து, பல சிற்றறைகள் சேர்ந்து பயனற்ற பேரறைகளாகின்றன. புகைபிடித்தல் இதற்குத் தலையாய காரணம். ஆனால் அது ஒன்றே காரணமன்று. டில்லியில் மருத்துவர் எஸ். பத்மாவதி, நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்பக்கமும் பழுதடைந்தவர்களை ஆராய்ந்து 1959 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் பெண்கள் ஆண்களுக்கு இணையாக இருந்தனர், வயதிலோ ஆண்களைவிட இளையவர்கள், பெரும்பாலோர் புகைபிடிக்காதவர்கள். அடுப்பங்கரைப் புகையின்மேல் விழுந்த முதல் ஐயங்களுள் அது ஒன்று.

இந்நோய் மெல்ல மெல்ல முற்றுவது. ஆனால் சளிக்காய்ச்சல் போன்ற ஒரு தொற்று வந்தால் சில நாட்களில் மூச்சுத்திணறல் பன்மடங்காகும். நோயாளி மருத்துவமனைக்கு ஓட வேண்டிவரும். இதைத் ‘தாக்கு’ என்று இக்கட்டுரையில் குறிப்போம். ஒவ்வொரு தாக்கும் நுரையீரலின் ஆற்றலில் கொஞ்சத்தைப் பறித்துக்கொண்டு போவதுண்டு. போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆகவே தாக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது என்பது சிறிய செய்தியன்று.

நீராவி எந்திரத்தால் புகழ்பெற்றவரின் காற்றுப் பெட்டி

வீட்டில் வைத்துக் காற்றால் மருத்துவம் செய்யும் எண்ணம் புதியதன்று. நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டின் மகள் 1794 இல் காசநோயால் இறந்தாள். ஜோசப் பிரீஸ்ட்லி பாதரச ஆக்சைடைச் சூடாக்கிப் பிராணவாயுவைப் பிரித்துக் காட்டி அப்போது 20 ஆண்டுகளே ஆகியிருந்தன. புதிய வாயுக்களால் நுரையீரல் நோய்களைக் குணப்படுத்த முடியும் என்று நம்பிய தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவருடன் வாட் கைகோத்தார். துயரத்தில் ஆழ்ந்த தந்தை வாளாவிருக்கவில்லை. வாயுக்களை உண்டாக்கவும் சேர்த்து வைக்கவும் சுவாசிக்கவும் ஏற்ற கருவிகளை வரைந்தார். வீடுகளில் வைத்துக்கொள்ளத்தக்க சிறிய வடிவம் ஒன்றையும் அவருடைய நிறுவனம் செய்து விற்றது. 1799 இல் பெடோஸ் பிரிஸ்டல் நகரில் ஒரு காற்று மருத்துவ நிலையத்தையே திறந்தார். அங்கு வேலைக்கு வந்த இளைஞர் ஹம்ப்ரி டேவி, சிரிப்பூட்டும் வாயுவை ஆராய்ந்து பெயர்பெற்றார். காசநோயாளிகள் மட்டும் குணமடையவில்லை. எந்த நோய்க்கு எந்த வாயு, எவ்வளவு, எத்தனை நேரம் என்ற எதுவுமே தெரியாத காலம் அது.

அதன்பின் ஒரு நூற்றாண்டு வரை பிராணவாயு மருத்துவம் தட்டுத்தடுமாறித்தான் நடந்தது. பையில் நிரப்பி இரண்டு வாய் இழுக்கச் சொல்வதும், முகத்தின் அருகே புனலைப் பிடிப்பதும் வழக்கம். முதல் உலகப் போரில் நச்சுப் புகையால் நுரையீரல் வெந்த வீரர்களைக் கண்ட ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், அளந்து ஓயாமல் பிராணவாயு கொடுக்கும் முறையை 1917 இல் விளக்கினார். இடையிடையே சற்று நேரம் கொடுத்து நிறுத்துவது, நீரில் மூழ்குகிறவனை எப்போதாவது ஒருமுறை மேலே தூக்கிவிடுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்து அவர் பெயராலேயே வழங்கிவருகிறது. நியூயார்க்கில் ஆல்வன் பராக் 1920 களில் பிராணவாயுக் கூடாரங்களைச் சீர்செய்தார். 1950 களில், நுரையீரல் நைந்தவர்கள் சிறு உருளைகளுடன் நடந்து பழகலாம் என்று ஊக்கினார்.

மருந்தே தீங்கானபோது

இந்த இடத்தில் ஒரு திடுக்கிடும் திருப்பம். 1949 இல் கென்னத் டொனால்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், நுரையீரல் நைந்த ஒருவர் பிராணவாயு பெற்றபோது நினைவிழந்ததை எழுதினார். மூச்சுவிட முடியாதவருக்கு மூச்சுப்பொருளைக் கொடுத்தால் மயக்கம் வருவானேன்? முற்றிய நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் கரியமிலவாயு ஏற்கெனவே தேங்கியிருக்கும். அவர்களுக்குப் பிராணவாயுவை அளவின்றிக் கொடுத்தால் கரியமிலவாயு மேலும் ஏறி, மூளையை மந்தமாக்கிவிடும். பிராணவாயுக் குறைவால் உண்டாகும் மூச்சுத் தூண்டல் அடங்கிவிடுவதே காரணம் என்று முன்பு சொன்னார்கள். அது ஒரு பகுதிதான் என்று இன்று தெரிகிறது. நுரையீரலின் கெட்ட பகுதிகளுக்கு இரத்தம் கூடுதலாகத் திரும்பிவிடுவதும், பிராணவாயு நிறைந்த இரத்தம் கரியமிலவாயுவைச் சுமக்கும் திறனில் குறைவதும் முக்கியக் காரணங்கள். பின்னதைக் கண்டவர்களுள் ஒருவர் மேலே சொன்ன ஹால்டேன்தான், ஆண்டு 1914.

எச்சரிக்கை வந்துவிட்டது, நடைமுறையோ மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் அவசர ஊர்திகளில் ஏற்றப்பட்ட 405 பேரிடம் நடந்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. முகமூடியில் தாராளமாகப் பிராணவாயு பெற்றவர்களில் 9 விழுக்காட்டினர் இறந்தனர். இரத்தத்தின் பிராணவாயு நிறைவு 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு அளந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினர். டொனால்டின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 61 ஆண்டுகள்! ‘நிறையக் கொடுத்தால் நல்லது’ என்ற எண்ணம் அவ்வளவு வலியது.

அளந்து கொடுப்பது எப்படி? அங்கேதான் ‘பாய்வு’ என்ற கருத்து முதன்முதலாக நுழைகிறது. மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் பிராணவாயு வைத்தால் நோயாளி 2 லிட்டரையா சுவாசிக்கிறார்? அமைதியாக இருக்கும் ஒருவர்கூட மூச்சை உள்ளிழுக்கும் கணத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வேகத்தில் இழுக்கிறார். திணறுபவர் 60 லிட்டருக்கும் மேல். குறையை அறைக்காற்று நிரப்பும். எவ்வளவு நிரப்பும் என்பது ஒவ்வொரு மூச்சிலும் மாறும். ஆகவே நுரையீரலைச் சேரும் கலவை எத்தகையது என்று யாராலும் சொல்ல முடியாது.

1960 இல் லண்டனில் மோரன் கேம்ப்பெல் என்ற மருத்துவர் இதற்கு எளிய தீர்வு கண்டார். முகமூடியின் அடியில் ஒரு நுண்துளை. அதன் வழியே 4 லிட்டர் பிராணவாயு சீறிப் பாயும். பாயும்போது பக்கத் திறப்புகளின் வழியே 40 லிட்டர் அறைக்காற்றையும் இழுத்து வரும். ஆக நிமிடத்துக்கு 44 லிட்டர் கலவை. அதில் பிராணவாயு 28 விழுக்காடு. நோயாளி இழுக்கும் வேகத்தைவிடப் பாய்வு மிகுதியாக இருப்பதால் வெளிக்காற்று குறுக்கே புகுந்து கணக்கைக் கெடுக்காது. பள்ளி இயற்பியலில் படிக்கும் வெஞ்சுரியின் பெயரே அந்த முகமூடிக்கு நிலைத்துவிட்டது. இன்றைய மிகுபாய்வுக் கருவிக்கு இந்த மலிவான முகமூடியைப் பாட்டி முறை சொன்னால் தவறாகாது.

எத்தனை மணி நேரம்?

வீட்டுப் பிராணவாயு உயிரைக் காக்கிறதா, மனத்தை மட்டும் தேற்றுகிறதா? கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்க நகரம் டென்வர். அங்குக் காற்று மெலிந்திருப்பதால் நுரையீரல் நோயாளிகள் பாடு பெரும்பாடு. தாமஸ் பெட்டியும் அவர் குழுவினரும் 1960 களில், தோளில் மாட்டிச் செல்லும் திரவப் பிராணவாயுக் கலங்களைக் கொடுத்து, படுக்கையில் கிடந்தவர்களை நடமாடச் செய்தனர். அடுத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. அமெரிக்க ஆய்வில் 203 பேர்; முடிவு வந்தது 1980 இல். இரவில் 12 மணி நேரம் மட்டும் பெற்றவர்களிடையே இறப்பு, இரவும் பகலுமாகப் பெற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிரிட்டிஷ் ஆய்வில் 87 பேர். 1981 இல் வெளிவந்தது. நாளுக்கு 15 மணி நேரமாவது பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளில் இறந்தவர் 19. பெறாத 45 பேரில் இறந்தவர் 30. பிரீஸ்ட்லிக்குப் பின் 200 ஆண்டுகள் கழித்து, பிராணவாயு வீட்டில் ஆயுளை நீட்டும் என்பது எண்களால் உறுதிப்பட்டது.

இரண்டு அடிக்குறிப்புகள் வேண்டும். இந்தப் பயன் இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குன்றியவர்களுக்கே. ஓரளவு மட்டும் குன்றிய 738 பேரிடம் நடந்த ஆய்வு 2016 இல் எந்தப் பயனையும் காட்டவில்லை. மற்றொன்று, 24 மணி நேரமும் குழாயோடு கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்பது. சுவீடன் நாட்டில் 241 பேரிடம் நடந்த ஆய்வு 2024 இல் வெளியாயிற்று. 15 மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அந்த ஒன்பது மணி நேர விடுதலை, குழாயோடு வாழ்பவர்களுக்குத்தான் எவ்வளவு என்று தெரியும்.

காற்றிலிருந்து நைட்ரஜனைச் சலித்துப் பிராணவாயுவைச் செறிவாக்கும் மின்கருவிகள் 1970 களில் வீடுகளுக்கு வரத் தொடங்கின. 1985 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பொருளாகவே ஆயின. முதல் ஆறு இத்துடன் சமவெளிக்கு வந்துவிட்டது எனலாம்.

ஆனால் ஒரு குறை அப்படியே நின்றது. உருளையிலிருந்து வரும் பிராணவாயுவில் நீராவி கிடையாது. அதை நீர்ப்புட்டியில் கொப்புளிக்க விட்டாலும், அறைவெப்பத்தில் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராமுக்கு மேல் ஈரம் ஏறாது, வேண்டியதோ 44. பாய்வை 6 லிட்டருக்கு மேல் கூட்டினால் மூக்கு எரியும், உலரும், சிலருக்கு இரத்தமும் கசியும். ஆகவே மூக்குக் குழாய் என்றாலே சிறுபாய்வு என்று வைத்துக்கொண்டார்கள்.

ஜாடிக்குள் ஒரு மூக்கு

இரண்டாவது ஆறு தொடங்கும் இடம் டென்மார்க்கின் தலைநகரம் கோபன்ஹேகன். 1952 இல் அங்கு இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் மடிந்துகொண்டிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 27 அன்று மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டிக் காப்பாற்றினார். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு இரவுபகலாகப் பை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே வித்து.

கழுத்துத் துளை வழியே காற்று போனால் மூக்குக்கு வேலை இல்லை. வேலை இல்லாமற்போனால் என்ன? மூச்சுக்குழலின் உட்பரப்பில் சளிப்படலம் ஒன்றுண்டு. அதன் அடியில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசையும் கிருமிகளையும் சளியோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். உலர்ந்த காற்று பட்டால் சளி கெட்டியாகிவிடும், கஞ்சி காய்ந்து பாத்திரத்தில் அப்பிக்கொள்வது போல. நுண்மயிர்கள் அசையமாட்டாமல் நின்றுவிடும், குழாய் அடைபடும், தொற்று வரும். எந்திரத்தால் மூச்சூட்டும் முறை உலகெங்கும் பரவப் பரவ, காற்றை நனைக்கும் வழி தேடுவது கட்டாயமாயிற்று.

நியூசிலாந்தின் ஆக்லாந்து மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்திய மாத்யூ ஸ்பென்ஸ், இதற்கு ஒரு நல்ல கருவி வேண்டுமென்று விரும்பினார். அரசு ஆராய்ச்சித் துறையில் மின்பொறியாளராக இருந்த ஆல்ஃப் மெல்வில் 1969 வாக்கில் முதல் மாதிரியைச் செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம், அந்நாட்டு இல்லத்தரசிகள் பழங்களைப் பதப்படுத்தி மூடிவைக்கும் கண்ணாடி ஜாடி! அதில் நீர் ஊற்றிச் சூடாக்கி, மேலே காற்றைச் செலுத்தினார். அக்கருவியைப் பெருக்கிச் செய்ய முன்வந்த ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனமோ குளிர்பதனப் பெட்டியும் துணி வெளுக்கும் எந்திரமும் செய்துவந்த ஒன்று. மருத்துவக் கருவிகளின் வரலாற்றில் பெரிய ஆய்வுக்கூடங்களைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். சமையலறை அலமாரிக்கும் அதில் இடம் உண்டு.

சூடாக்கி நனைத்த காற்று நீண்ட குழாயில் வரும்போது ஆறினால், ஈரம் துளிகளாகி நோயாளியின் மூக்கில் சொட்டும். குழாயிலேயே சூட்டுக் கம்பியைப் பதித்து இதைச் சமாளித்தார்கள். இப்படி உடற்சூட்டில் முழு ஈரத்தோடு காற்றைக் கொண்டுவர முடிந்தபின், மூக்கை உறுத்தாமல் பாய்வைக் கூட்ட முடியும் என்பது தெரியவந்தது. முதலில் பயன்பெற்றவர்கள் குறைமாதக் குழந்தைகள். கனடாவின் எட்மன்டன் நகரில் 40 குழந்தைகளிடம் செய்து பார்த்த ஆய்வு 2001 இல் வந்தது. முகத்தை அழுத்தும் கருவிகளுக்குப் பதிலாக மெல்லிய மூக்குக் குழாயே மூச்சுத்தடையைத் தாங்கிப் பிடிக்கக் கண்டார்கள். பிறகு வளர்ந்தவர்களுக்கும் வந்தது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 23 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், மூச்சு திடீரெனத் தளர்ந்த 310 பேரிடம் நடந்த ஆய்வு 2015 இல் வெளிவந்தபோது மிகுபாய்வு உலகின் கவனத்தைப் பெற்றது. குழாய் செருகி மூச்சூட்டும் தேவையில் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால் 90 நாட்களில் இறப்பு குறைவாக இருந்தது.

இடையில் ஓர் இடறலும் நேர்ந்தது. 2005 இல் அமெரிக்க மருத்துவமனைகளில் இவ்வகைக் கருவி ஒன்றில் ரால்ஸ்டோனியா என்ற நீர்வாழ் பாக்டீரியா குடியேறியிருந்தது கண்டறியப்பட்டது. கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. வெதுவெதுப்பும் ஈரமும் நோயாளிக்கு மட்டுமா இதம்? கிருமிக்கும் இதமே.

பாய்வு செய்யும் வேலைகள்

ஈரம் தவிர வேறு என்ன நடக்கிறது? காலையில் தெருக்குழாயைத் திறந்தால் முதலில் வருவது இரவெல்லாம் குழாயில் தேங்கிய பழைய நீர். அதுபோல, நாம் உள்ளிழுக்கும் 500 மில்லிலிட்டரில் சுமார் 150 மில்லிலிட்டர், முந்தைய மூச்சில் மூக்கிலும் தொண்டையிலும் குழல்களிலும் தேங்கிய பழைய காற்றே. கரியமிலவாயு மிகுந்த அது நுண்ணறைகளுக்குத் திரும்பிப் போவதால் அந்த அளவு மூச்சு வீணாகிறது. நலமுள்ளவருக்கு இது பொருட்டன்று. மெலிந்த மூச்சோடு வாழ்பவருக்கோ ஒவ்வொரு மூச்சிலும் பெரும்பங்கு இப்படிப் போய்விடும். மிகுபாய்வு, மூச்சு வெளியேறும் வேளையிலேயே மூக்கையும் தொண்டையையும் புதுக்காற்றால் அலசிவிடுகிறது. கிரிப்டான் என்ற வாயுவின் கதிரியக்க வகையை அடையாளமாக வைத்து ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 2015 இல் மேல்மூச்சுவழி மாதிரிகளில் இதை அளந்து காட்டினர். வீண்மூச்சு குறைவதால் நோயாளி மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சுவிட முடிகிறது.

பாய்வின் எதிர்ப்பால் தொண்டையில் சிறிது அழுத்தமும் உண்டாகிறது. ஆக்லாந்தில் 2009 இல் அளந்தபோது, வாயை மூடிக்கொண்டவர்களிடம் 35 லிட்டர் பாய்வில் 2.7 சென்டிமீட்டர் நீரளவு அழுத்தம் இருந்தது. வாயைத் திறந்தால் அது பாதியளவுக்கு இறங்கிற்று. சிறிய அழுத்தந்தான், இதையே பெரிதாகப் பேசுவோர் உண்டு. நுரையீரல் நோயாளிக்கு ஈரமும் அலசலுமே முதன்மையானவை என்பது என் கருத்து.

மருத்துவமனையில் இக்கருவியை நிமிடத்துக்கு 60 லிட்டர், முழுப் பிராணவாயுவாக ஓட்டினால் ஒரு நாளைக்கு 86,400 லிட்டர் செலவாகும். 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய உருளைகள் பன்னிரண்டு தீர்ந்துவிடும்! 2021 இல் பிராணவாயுத் தட்டுப்பாட்டின்போது இக்கருவி ஏன் கவலை தந்தது என்பது இதனால் விளங்கும். வீட்டு நோயாளியின் கணக்கு வேறு. பாயும் 20, 30 லிட்டரில் பெரும்பகுதி அறைக்காற்று. பிராணவாயு ஓரிரு லிட்டர், அல்லது அதுவும் இல்லை.

வீட்டு வாசலில்

பிராணவாயு இல்லாமலேயே இக்கருவி உதவுமா என்று சோதித்தவர்களும் ஆக்லாந்துக்காரர்களே. நாட்பட்ட மூச்சடைப்பு நோயோ மூச்சுக்குழல் விரிவு நோயோ உள்ள 108 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாரார் வழக்கமான மருத்துவத்தோடு, 37 டிகிரியில் முழு ஈரமேற்றிய காற்றை நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் வீதம், வீட்டிலேயே ஓராண்டு சுவாசித்தனர். நாளுக்கு 2 மணி நேரம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சராசரியாகப் பயன்படுத்தியது 1.6 மணி நேரமே. (மனிதர்களிடம் செய்யும் எந்தச் சோதனையிலும் இது எதிர்பார்க்கத்தக்கதே.) 2010 இல் முடிவு வெளியாயிற்று. தாக்கோடு கழிந்த நாட்கள் ஆண்டுக்கு 33.5 இலிருந்து 18.2 ஆகக் குறைந்திருந்தன. முதல் தாக்கு வரும் வரையான இடைவெளி 27 நாட்களிலிருந்து 52 நாட்களாக நீண்டது. தாக்குகளின் எண்ணிக்கையில் இருந்த சிறு குறைவு மட்டும் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. வெறும் வெந்நீராவிக் காற்று, அதுவும் ஒன்றரை மணி நேரம்! சளியை இளக்கி நுண்மயிர்களை இயங்கவிட்டதன் பயன் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

அடுத்த பெரிய ஆய்வு டென்மார்க்கில் நடந்தது, இப்சனின் நாட்டில். அங்குள்ள ஆல்போர்க் நகர மருத்துவர்கள், வீட்டில் ஏற்கெனவே பிராணவாயு பெற்றுவந்த 200 பேரைத் தேர்ந்தெடுத்து, பாதிப்பேருக்கு மிகுபாய்வுக் கருவியையும் சேர்த்துக் கொடுத்தனர். உறங்கும்போது 8 மணி நேரம் என்பது அறிவுரை. நடைமுறையில் சராசரி 6 மணி நேரம். பாய்வு 20 லிட்டர். 2018 இல் வெளிவந்த முடிவின்படி, கருவி பெறாதவர்களுக்கு ஆண்டுக்கு 4.95 தாக்கு, பெற்றவர்களுக்கு 3.12. இரு சாராரிடையே இறப்பில் வேறுபாடு இல்லை. ஜப்பானில் 42 மருத்துவமனைகள் சேர்ந்து 104 பேரிடம் ஓராண்டு நடத்திய ஆய்வு 2022 இல் வந்தது. அங்கும் தாக்குகள் குறைந்தன. அதே ஆண்டில் ஜப்பான் தன் மருத்துவக் காப்பீட்டில் வீட்டு மிகுபாய்வுக்கு இடமளித்தது.

ஆக, இரு ஆறுகளும் கலந்துவிட்டன. ஆனால் கலந்த ஆற்றின் கரைகள் இன்னும் திட்டமாகவில்லை. கடும் பிராணவாயுக் குறைவில் வீட்டுப் பிராணவாயு ஆயுளை நீட்டியது போல, மிகுபாய்வு ஆயுளை நீட்டியதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. கரியமிலவாயு மிகுதியாகத் தேங்கியவர்களுக்கு முகமூடி வழியே இரவில் மூச்சூட்டும் எந்திரத்துக்கே வலுவான சான்று இருக்கிறது. பிரிட்டனில் 116 பேரிடம் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில், பிராணவாயுவோடு அந்த எந்திரத்தையும் வீட்டில் பெற்றவர்கள் மீண்டும் மருத்துவமனை சேரவோ இறக்கவோ நேர்ந்த காலம் 1.4 மாதத்திலிருந்து 4.3 மாதமாகத் தள்ளிப்போயிற்று. ஆயினும் முகத்தை இறுக்கும் அந்த முகமூடியைத் தாங்கமாட்டாதவர்கள் பலர். அவர்கள் மிகுபாய்வின் மென்குழாயை ஏற்றுக்கொள்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டே பேசலாம், உண்ணலாம், இருமிச் சளியைத் துப்பலாம். யாருக்கு எது என்பதை இரத்தத்தின் வாயு அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கித் தாமே மாட்டிக்கொள்ளும் பொருளன்று இது.

வீட்டில் இக்கருவி கேட்பவை சில உண்டு. உப்புப் படியாத வாலைவடி நீர் வேண்டும். நீர்க்கலத்தையும் குழாயையும் குறித்த நாளில் கழுவி மாற்ற வேண்டும். 2005 இன் பாக்டீரியாவை மறக்கலாகாது. பிராணவாயு கலந்திருந்தால் அந்த அறையில் பீடி, சுருட்டு, சாமி விளக்கு எதுவும் கூடாது. நீரைச் சூடாக்குவதும் விசிறி சுழல்வதும் மின்சாரத்தால் என்பதால், மின்தடை ஏற்பட்டால் கருவி நின்றுவிடும். பிராணவாயு தேவைப்படுவோர் பக்கத்தில் ஓர் உருளையும் பழைய சிறுபாய்வுக் குழாயும் ஆயத்தமாக வைத்திருப்பார்கள். இன்னொன்று: கருவியைத் தலையணைக்குக் கீழான மட்டத்தில், தாழ்ந்த முக்காலியின்மேல் வைக்க வேண்டும். குழாயில் எப்படியும் கொஞ்சம் நீர் குளிர்ந்து சேரும். அது உறங்குபவரின் மூக்கை நோக்கி வராமல், வந்த வழியே கலத்துக்குத் திரும்பி வடிந்துவிடும்.